இறுதி ஆட்டத்துக்கு அடித்த கறுப்பு ஜேர்சி

குருநகரில் ஒரு கழகத்துக்கு ஜேர்சி வடிவமைத்துக் கொடுப்பதைவிட நடுக்கடலில் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவது லேசு. நிர்வாகத்தில் பதினைந்து பேர். பதினைந்து பேருக்கும் பதினாறு யோசனை. ஒருவர் ஐரோப்பியக் கழகம் ஒன்றின் படத்தைப் போனில் காட்டி, அப்படியே அடி என்பார். இன்னொருவருக்கு மாதாவின் நீலம் வேண்டும். நான் டவுனில் ஓர் அச்சகத்தில் டிசைன் செய்கிறவன். முழங்கால் போய் விளையாட்டை விட்ட பிறகு, எங்கள் தேவாலயப் பங்கு உதைபந்தாட்டக் கழகத்துக்கு என்னால் செய்யக்கூடிய ஒரே காரியம் இதுதான். வருடாவருடம் கத்திக் கத்தியே செய்வேன்.

ஒரு பருவத்துக்குக் கடற்பச்சையில், வலை பின்னியதுபோல ஒரு டிசைன் போட்டிருந்தேன். எங்கள் கோல் கீப்பர் கடைக்கு வந்து, என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணை, உது வலையோ? கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பியெல்லோ!"

"நீ பந்தைப் பிடி. டிசைனை நான் பாக்கிறன்," என்று எரிந்து விழுந்தேன்.

அவன் போகவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, வலைக்கண் எப்படிச் சரியும், முடிச்சு எங்கே விழும் என்று ஒரு மணித்தியாலம் காட்டித் தந்தான். கடற்றொழிலுக்குப் போகிற பெடியன்; அவனுக்குத் தெரியாததா? சும்மா சொல்லக்கூடாது, நான் செய்த ஜேர்சிகளில் வடிவானது அதுதான். அவனுக்கு மட்டும் மஞ்சள். முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் விடவில்லை.

ஐந்தாவது ஆட்டத்துக்கு முன் ஒருநாள் தனியாகக் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. மூன்றாம் நாள் ஒரு தீவுக் கரையோரம் படகு கிடந்தது. எஞ்சின் இருந்தது, வலை இருந்தது, சோற்றுப் பெட்டிகூட இருந்தது. அவன் இல்லை. சுற்றியிருந்த கரையூர்ப் படகுகளெல்லாம் கிழமைக்கணக்கில் தேடின.

அவனுடைய தாய் சந்தையில் மீன் விற்கிறவ. புருஷன் இல்லை; மூத்தவன் பிரான்சில். இரண்டு மாதம் கழிந்து, ஆன்ம இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்கொடுப்போமா என்று ஃபாதர் மெல்லக் கேட்டபோது, "என்ரை பிள்ளை வருவான் ஃபாதர். உயிரோடை இருக்கிறவனுக்கு ஆரும் பூசை வைப்பினமோ?" என்று சொல்லிவிட்டு மீன் கடகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டா. பிறகு ஒருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

கழகம் வென்றுகொண்டே போனது. ஏன் வெல்கிறோம் என்று தெரியாமலே வென்று, இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். அப்போதுதான் பிரான்சிலிருந்து மூத்தவன் எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினான். அழுதுகொண்டு பேசியிருந்தான். "அண்ணை, பைனலுக்கு ஜேர்சி என்ரை பொறுப்பு. கறுப்பிலை அடியுங்கோ. நெஞ்சிலை தம்பியின்ரை படம். அவன்ரை முகத்தோடை விளையாடட்டும்."

இது எங்கள் பக்கத்தில் புதினமில்லை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் செத்துப்போன தகப்பன் பெயரில் கிண்ணம் வைப்பார்கள், ஜேர்சி கொடுப்பார்கள். குடாநாட்டுக் கழகங்களில் பாதி, யாரோ ஒருவரின் செத்த தகப்பனை நெஞ்சில் சுமந்துகொண்டுதான் ஓடுகிறது. என் கடையில் பாதி வேலை மரண அறிவித்தலும் நினைவு மலரும். படத்தை வைத்தால், ஒரு பக்கம் மலர்வு, மறுபக்கம் உதிர்வு. கை தானாகவே அடித்துவிடும். அன்றும் அடித்தது. பிறந்த நாள் தெரியும். உதிர்வுக்குக் கீழே, படகு கண்டெடுத்த நாளைப் போட்டேன். நிர்வாகத்துக்கு அனுப்பினேன், நல்லாயிருக்கு என்றார்கள். பதினாறு யோசனை வைத்திருக்கிற பதினைந்து பேருக்கும் அந்தத் தாயின் யோசனை வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை, விசரன்.

இறுதி ஆட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் ஜேர்சிகளைப் பங்கு மண்டபத்தில் மேசைமேல் அடுக்கி, ஃபாதர் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிப்பது எங்கள் வழக்கம். அவனுடைய தாய், நான் அக்கா என்று கூப்பிடுகிறவ, ஒரு பையோடு வந்தா. மகனின் மஞ்சள் ஜேர்சியை அயன் பண்ணி, மற்றவற்றோடு வைத்து ஆசீர்வதிக்கக் கொண்டுவந்திருந்தா. மேசைக்குக் கிட்ட வந்தவ நின்றுவிட்டா. படத்துக்குக் கீழே விரலை வைத்து வாசித்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"தம்பி, பிள்ளையை எடுத்திட்டியளோ?"

எனக்கு விளங்கவில்லை.

"உதிலை நாள் போட்டுக்கிடக்கு. எங்கை எடுத்தனியள்? ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

ஐயோ, அந்தக் குரல்! ஃபாதர் தீர்த்தச் செம்போடு அப்படியே நின்றார். நான்தான் வாய் திறக்க வேண்டும்.

"இல்லை அக்கா. ஒண்டும் கிடைக்கேல்லை. படகு கண்ட நாளை நான்தான் போட்டனான். பழக்கத்திலை அடிச்சிட்டன், அக்கா."

"அப்ப கிடைக்கேல்லை?"

"கிடைக்கேல்லை."

கன்னத்தில் அறைவா என்று நின்றேன். அறைந்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவ என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றினா. சிரித்தா. "மாதாவே! நான் பயந்தே போனன். நீ நல்லா இருப்பாய், ராசா," என்றா. என் வாழ்க்கையில் அப்படி ஒரு வெட்கத்தை நான் பட்டதில்லை.

கறுப்பு ஜேர்சிகளை அப்போதே பெட்டியில் போட்டுக் கட்டினோம். பெடியங்கள் பழைய பச்சையில் விளையாடி ஒரு கோலால் வென்றார்கள். கிண்ணத்தை வைத்துக்கொண்டு அழுதார்கள். மூத்தவனுக்கு நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

அதன்பிறகு ஒவ்வொரு பருவமும் ஜேர்சி அடிக்கும்போது அக்கா கடைக்கு வருவா. "அவனுக்கும் ஒண்டு அடி, தம்பி." யாருக்கும் பணியாத நான் மறுபேச்சுப் பேசாமல் அடித்துக் கொடுப்பேன். இந்த வருடமும் வந்தா. புதியதை எடுத்து விரித்து, தோள் அகலத்தைச் சாணால் அளந்து பார்த்தா. திருப்தியில்லை.

"இப்ப கொஞ்சம் உடம்பு வைச்சிருப்பான், தம்பி. ஒரு சைஸ் கூட்டி அடி."

"ஓம், அக்கா," என்றேன்.