வெயிட்டிங் லிஸ்ட் நான்கு: அரக்கோணத்தோடு முடிந்த என் பம்பாய்ப் பயணம்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு ஜூன் மாதம், ஒதியம்பட்டிலிருந்து பம்பாய்க்குக் கிளம்பினேன். வளைகுடா நாட்டு மருத்துவமனை ஒன்றுக்கு நர்ஸுகளைத் தேர்ந்தெடுக்க அங்கே நேர்காணல் வைத்திருந்தார்கள். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பயிற்சி முடித்து, புதுச்சேரியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வேலை. தினமும் ஒதியம்பட்டிலிருந்து சைக்கிளில் போய் வருவேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தப் பயணத்தில் நான் பம்பாயைப் பார்க்கவில்லை. பிறகு எதற்குப் பயணக் கட்டுரை என்று கேட்பீர்கள். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை வைத்துக்கொண்டு "கிளம்பலாமா அக்கா?" என்று இந்த வலைப்பதிவுக்கு அடிக்கடி எழுதுகிறீர்கள். அதற்கு என்னிடம் உள்ள நேர்மையான பதில் இதுதான்.

நான் தனியாகப் போவதை அப்பா ஏற்கவில்லை. அக்காவின் கணவர் செபஸ்தியான் மாமா துணைக்கு வருவதாக முடிவாயிற்று. வில்லியனூரில் அவருக்கு சைக்கிள் கடை. உதிரிப் பாகங்கள் வாங்க மதராஸ் போய் வருபவர் என்பதால் டிக்கெட் எடுப்பதும் அவர் பொறுப்பாயிற்று. என்ன விலை என்று கேட்காதீர்கள், அவர் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. படிவத்தில் பெயர்களை எழுதிக் கொடுத்தால், கவுன்ட்டரில் இருப்பவர் பெரிய பதிவேட்டைப் பார்த்து இடம் தருவார். இடம் இல்லையென்றால் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்து, அட்டை டிக்கெட்டில் அந்த எண்ணைப் பேனாவால் எழுதுவார். மாமா படிவத்தின் முதல் வரியில் தன் பெயரை எழுதியிருந்தார். இரண்டாவது வரியில் ஸ்டெல்லா மேரி, அதாவது நான். அவருக்கு வெயிட்டிங் லிஸ்ட் மூன்று, எனக்கு நான்கு.

"மூணு, நாலுன்னா ஓகே ஆன மாதிரிதாம்மா. பம்பாய் வண்டில தெனமும் பத்து பேராவது கேன்சல் பண்றான்" என்றார் மாமா. அக்காவும் நம்பினாள், நானும் நம்பினேன். யாராவது ரத்து செய்தால்தான் வரிசை ஒரு இடம் முன்னால் நகரும், யாரும் ரத்து செய்யாவிட்டால் ஒன்றாம் எண்ணும் நூறாம் எண்ணும் ஒன்றுதான் என்பதை அப்போது எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை.

முதல் நாள் பகலில் வில்லியனூரிலிருந்து பாசஞ்சரில் விழுப்புரம், முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு. அங்கிருந்து எழும்பூருக்கு இன்னொரு வண்டி, நூற்றறுபது கிலோமீட்டர். சைதாப்பேட்டையில் மாமாவின் அண்ணன் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலையிலேயே சென்ட்ரலுக்குப் போய்விட்டோம். வண்டி நண்பகலுக்கு மேல்தான். ஒரு பகல், ஒரு இரவு, அடுத்த நாள் மாலை பம்பாய். அதற்கு மறுநாள் காலை நேர்காணல்.

சார்ட்டைப் பெட்டியின் கதவருகில் ஒட்டினார்கள். கூட்டத்துக்குள் தலையை நுழைத்து நான்தான் படித்தேன். செபஸ்தியான் பெயருக்கு நேரே ஒரு படுக்கை எண் இருந்தது. என் பெயர் இல்லை. மேலிருந்து கீழ்வரை மூன்று முறை பார்த்தேன். மூன்று பேர் ரத்து செய்திருக்கிறார்கள். நான்காவது ஆள் ரத்து செய்யவில்லை.

டிக்கெட் பரிசோதகர் எங்கள் இருவர் அட்டைகளையும் வாங்கிப் பார்த்தார். பொறுமையான மனிதர்.

"சார், இவரு எங்க மாமா. இவரோட பெர்த்துல நான் போலாமா? எனக்குத்தான் இன்டர்வியூ."

"யார் பேருக்கு பெர்த் வந்திருக்கோ அவங்கதாம்மா வரணும். வேணும்னா இவர் இப்ப டிக்கெட்டை கேன்சல் பண்ணட்டும். லிஸ்ட்ல அடுத்த பேரு உன்னோடதுதான். நானே உனக்கு எழுதித் தரேன்."

எனக்கு மூச்சு வந்தது. மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். "மாமா, கேன்சல் பண்ணிடுங்க மாமா. நான் போய்ட்டு வந்துடறேன். அங்க என்கூடப் படிச்ச காரைக்கால் பொண்ணு ஸ்டேஷனுக்கு வராளாம்."

"இன்னாடி பேசற? தனியா அனுப்பறதுக்கா நான் கடைய மூடிட்டு வந்தேன்? உங்கப்பன் என்னைத்தான் கேப்பாரு."

"அப்பா கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"பொம்பளப் புள்ள பேச்ச கேட்டு அனுப்பிட்டேன்னு ஊரே சிரிக்கும்."

இப்படியே கால் மணி நேரம். பரிசோதகர் அடுத்த பெட்டிக்குப் போகுமுன் ஒரு வழி சொன்னார். நான் முன்பதிவில்லாத பெண்கள் பெட்டியில் ஏறிக்கொள்ளலாம், ரேணிகுண்டா தாண்டி ஏதாவது காலியானால் கூப்பிடுவார். மாமா வாயைத் திறக்குமுன் பையைத் தூக்கிக்கொண்டு கடைசிப் பெட்டிக்கு ஓடினேன். அந்த வயதில் நான் யோசிக்காமல் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

பெண்கள் பெட்டியில் கால் வைக்க இடமில்லை. ஆனாலும் தாராவியில் குடியிருக்கும் திருநெல்வேலி அம்மா ஒருவர் தன் தகரப் பெட்டியைக் காட்டி, "இதுமேல உக்காருளா" என்றார். விஷயத்தைச் சொன்னேன். பம்பாயில் அவர் வீட்டுக்காரர் வந்து கூட்டிப்போவாராம், என்னையும் விலாசம் விசாரித்துக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் கொடுத்தார். ஒன்றேகால் மணி நேரம், ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். என் வாழ்க்கையில் வெளிநாடு போகப்போகிறவளாக நான் உட்கார்ந்திருந்த நேரம் அவ்வளவுதான்.

அரக்கோணத்தில் வண்டி நின்றதும் ஜன்னலில் மாமாவின் முகம் தெரிந்தது.

"எறங்கு."

"எடம் கெடச்சிடுச்சி மாமா. எல்லாம் பொம்பளைங்கதான். நீங்க உங்க பெட்டிலயே வாங்க."

"இந்தக் கூட்டத்துல ராத்திரி முழுக்கவா? எதுனா ஆச்சின்னா வூட்ல யாரு பதில் சொல்றது? எறங்குன்றேன்."

திருநெல்வேலி அம்மா ஜன்னல் பக்கம் குனிந்தார். "அண்ணாச்சி, நான் பம்பாய் வரைக்கும் போறேன். பிள்ளைய பத்திரமா கொண்டுபோய் விட்டுருதேன்."

"நீ யாரும்மா? எங்க வூட்டு விஷயத்துல உனுக்கு இன்னா?"

மாமா என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பெட்டிக்குள் ஏறி, என் காலடியில் இருந்த பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். சான்றிதழ்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. பை போன பிறகு நான் பம்பாய் போய் எதைக் காட்டுவது? இறங்கினேன். விசில் ஊதினார்கள். அந்த அம்மா ஜன்னல் வழியாக ஏதோ சொன்னார், காதில் விழவில்லை.

மாமாவின் படுக்கை எங்கள் கண்ணெதிரே காலியாகக் கிளம்பிப் போனது. பட்டியலில் அதற்கு அடுத்த பெயர் என்னுடையது. நான் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பரிசோதகர் அதை வேறு யாருக்கு எழுதிக் கொடுத்தாரோ, அந்த ஆள் நன்றாகத் தூங்கியிருப்பார்.

மாமா எனக்கு டீ வாங்கித் தந்தார். பெரிய ஆபத்திலிருந்து என்னைக் காப்பாற்றியவர் போல நிதானமாகவே பேசினார். மின்சார ரயிலில் திரும்பினோம். வீட்டில் அப்பாவிடம், "டிக்கெட் ஓகே ஆவல மாமா" என்றார். அப்பா, "போனா போவுது, இங்க இல்லாத வேலையா" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். அக்கா என்னைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த மாதிரி பார்த்தாள்.

காரைக்கால் தோழி தேர்வானாள். அன்று போனவர்களில் முக்கால்வாசிப் பேரை எடுத்துக்கொண்டார்களாம். இன்னொரு நேர்காணலுக்கு அழைப்பார்களா என்று எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. அதே நர்சிங் ஹோமில் ஓய்வு பெறும்வரை இருந்தேன்.

மாமா இந்தக் கதையை விருந்து தோறும் சொல்வார். "ஸ்டெல்லாவுக்கு அதிர்ஷ்டம் இல்லபா. நானும் பம்பாய் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்னு கெளம்பினேன், டிக்கெட் ஓகே ஆவல." அக்கா மகள் திருமணத்தில் ஒருமுறை நான் பொறுக்கமாட்டாமல், "ஆச்சே மாமா. உங்களுக்கு ஆச்சே" என்றேன். "அது இன்னா கணக்கு, போ" என்று சிரித்துவிட்டு அடுத்த பந்திக்காரர்களிடம் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். சிரித்தார்கள். இப்போது அவர் இல்லை. அடக்கத்தின்போது எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, அதற்காக நான் வருந்தவுமில்லை.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் போனில் இரண்டு எண்கள் தெரிந்தால், முதலாவது டிக்கெட் எடுத்தபோது இருந்த இடம், இரண்டாவது இன்றைய இடம். இரண்டாவதை மட்டும் பாருங்கள். வண்டி புறப்படும் ஊரிலிருந்து எடுக்கும் பொதுப் பட்டியல் ஓரளவு வேகமாக நகரும். விழுப்புரம் போல நடுவில் ஏறுகிற நமக்குப் பெரும்பாலும் வேறு பட்டியல்தான் கிடைக்கும், அது ஆமை வேகம். ஆர்.ஏ.சி. வந்துவிட்டால் தைரியமாகக் கிளம்பலாம், உட்காரவாவது இடம் உண்டு. ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் முழுக்க வெயிட்டிங்கிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். ஒரே பி.என்.ஆரில் ஒருவருக்கு உறுதியாகி மற்றவருக்கு ஆகாவிட்டால் இன்று இருவர் பெயரும் சார்ட்டில் இருக்கும், சேர்ந்தே போகலாம். அப்போது எங்களுக்கு ஆளுக்கொரு அட்டை. தேர்வு, நேர்காணல், ஆபரேஷன் என்று போகிறவர்கள் எந்த எண்ணையும் நம்பாமல் ஒரு பஸ் டிக்கெட்டையும் கையில் வைத்திருங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. ஒருவருக்குத்தான் இடம் என்றால் யார் போவது என்பதை வீட்டிலேயே, எல்லோரும் கேட்கும்படி பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் பையை நீங்களே தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். பிளாட்பாரத்தில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், அங்கே சத்தம் அதிகம், யாருடைய குரல் பெரிதோ அவர் சொன்னதுதான் நடக்கும்.