லீலா எடுத்த ரன்கள்

மனோஜ் கொண்டுவந்த கேம் கன்சோலின் ஒரு திருகைக்கூட சூர்யநாராயணன் கழற்றவில்லை. டி.வி.யில் இணைத்து, கன்ட்ரோலரை மனோஜின் கையில் கொடுத்து, "ஒரு ஆட்டம் ஆடுங்க, பாக்கலாம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சாகணிலிருந்து நெரிசலில் வண்டியோட்டி வந்திருந்த மனோஜுக்கு ஒன்றும் புரியவில்லை. ஹார்டு டிஸ்கில் இடம் போதவில்லை, அதைப் பகுதிகளாகப் பிரித்திருக்கும் பார்ட்டிஷனை மாற்றிக் கொடுத்தால் போதும் என்றார்.

"பண்ணிப்போடலாமுங்க. உள்ள யாராரு ஆடினது இருக்குதுன்னு மொதல்ல பாத்துக்கலாம்."

மராத்தி ஊரான ஆகுர்டியில் எங்கள் வீட்டுக்கு மேல்தளத்தில் இருக்கிறார் சூர்யநாராயணன். பொள்ளாச்சிக்காரர். கார் தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவு மேற்பார்வையாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கன்சோல்களைத் திறந்து, சிப் போட்டு, பெரிய டிஸ்க் மாற்றிக் கொடுப்பார். கழற்றிய திருகுகள் இட்லித் தட்டின் குழிகளில் வகைவகையாகக் கிடக்கும். இயந்திரம் முரண்டு பிடித்தால் மராத்தியில் திட்டுவார். "தமிழ்ல சொன்னா இது கேக்கறதில்லீங்க." கூலி கிடையாது. தின்பதற்குப் பாக்கர்வடி வாங்கி வந்தால் மறுக்க மாட்டார்.

வந்தவர்களையெல்லாம் ஆட வைக்கும் பழக்கம் அவருக்கு முன்பு இருந்ததில்லை.

அவருடைய மகன் அனிருத் கல்லூரியில் படித்தபோது தாயார் லீலா நோயில் படுத்தார். சிகிச்சை முடிந்து வந்தால் நாள் முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று, அனிருத் கிரிக்கெட் விளையாட்டில் ஓர் அணியைச் சேர்த்தான். அதில் அப்பா சுழற்பந்து வீச்சாளர், லீலா விக்கெட் கீப்பர். கன்ட்ரோலரைத் தலைகீழாகப் பிடித்துத் தொடங்கிய லீலா, போகப்போக மகனையே தோற்கடித்தார். ரன் எடுத்ததும், "என் பேர்ல ஏறிடுச்சாடா?" என்று கேட்பது மாடிப்படியில் போகிற எங்களுக்கும் கேட்கும். ஏறிக்கொண்டுதான் இருந்தது. கடைசியாக மருத்துவமனைக்குப் போன வாரம்வரை அவர் எடுத்ததெல்லாம் வீட்டுக் கன்சோலின் டிஸ்கில் இருந்தது.

லீலா போனபின் அனிருத் ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்தான். தொலைபேசியில் அப்பாவுக்கும் மகனுக்கும் பேச அதிகம் இருக்கவில்லை. அவன் முதல்முறை விடுப்பில் வருகிறான் என்றதும் சூர்யநாராயணனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவன் சிறுவயதில் ஆசைப்பட்ட கேம்களையெல்லாம் தேடிச் சேர்த்தார். டிஸ்கில் இடமில்லை. கடைசி இரண்டு பார்ட்டிஷன்களை ஒன்றாக்கினால் போதும், சேமித்த ஆட்டங்கள் வேறு பார்ட்டிஷனில் பத்திரமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். நகல் எடுக்க நினைத்தவர், விமானம் வருவதற்குள் முடிக்கும் அவசரத்தில் அதை விட்டார். திரையில் இரண்டு வழிகள் காட்டின. ஒன்று அந்த இரண்டை மட்டும் சேர்ப்பது, மற்றது முழு டிஸ்கையும் புதிதாகப் பிரிப்பது. மாற்றி அழுத்திவிட்டார். மாற்றி அழுத்தியது அவருக்குத் தெரியவும் இல்லை. சந்தோஷமாகப் புது கேம்களை ஒவ்வொன்றாக ஏற்றி டிஸ்கை நிரப்பினார்.

மகன் வந்தான். குளித்துவிட்டு வந்து முதலில் சிடியைப் போட்டுத் திறந்தது அந்தக் கிரிக்கெட்டைத்தான். பட்டியலை மேலும் கீழும் தேடினான்.

"அப்பா, அம்மா எங்க?"

"காப்பி டம்ளரைக் கீழ வெக்கக்கூடத் தோணலீங்க" என்று பின்னால் என்னிடம் சொன்னார் சூர்யநாராயணன். நகரத்தில் டிஸ்கில் அழிந்ததை மீட்டுத் தருகிற ஒருவரிடம் இருவரும் கொண்டுபோனார்கள். மேலே வேறு எழுதியாகிவிட்டது, இனி வராது என்று அவர் கையை விரித்தார்.

அனிருத் கோபப்படவில்லை. "ஜானே தோ, விடுங்க அப்பா, தெரியாமதானே பண்ணீங்க" என்றான். மறுநாள் இருவருமாக அந்த அணியை மறுபடி சேர்த்தார்கள். லீலாவின் பெயருக்கு நேரே பூஜ்யம் நின்றது. மகனே அந்தப் பெயரை நீக்கினான். "நான் ஆடினா, அது அம்மா எடுத்த ரன் ஆகாதுல்ல?"

இப்போது வாரம் தவறாமல் அழைக்கிறான். உடம்பை, சாப்பாட்டை விசாரிக்கிறான். அந்தப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. "நாலு வார்த்தை திட்டியிருந்தான்னா தேவலைங்க" என்று ஒருமுறை சொன்னார்.

மனோஜின் கன்சோலில் அவர் மகள் மீனு பாதியில் விட்ட கார் பந்தயம் ஒன்று இருந்தது. மனோஜுக்கே அது தெரிந்திருக்கவில்லை. சூர்யநாராயணன் அதை நகலெடுத்து, நகல் திறக்கிறதா என்று வேறொரு கன்சோலில் போட்டுப் பார்த்தார். அப்புறம்தான் திருகுகளைக் கழற்றினார். வேலை முழுவதும் அவரே செய்தார். இருப்பதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று திரை கேட்டதும் எழுந்து நின்றார்.

"நீங்களே அமுத்துங்க" என்று மனோஜிடம் சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.