துட்டி வீட்டுக்குப் போன தீபாவளி மெயில்

மல்லாங்கிணற்றில் பருத்திக்காட்டுக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த இருளாண்டிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் மாரிசாமி, இளையவள் குருவம்மாள். மழை பொய்த்த வருஷத்தில் குடும்பம் சிவகாசிப் பக்கம் வந்தது. அண்ணன் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் ஆனான். தங்கை அதே கம்பெனியின் வெடிமருந்து அறையில் இரண்டு கைகளையும் வேகவைத்துக்கொண்டாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன. புருஷன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தான். மிச்சம் இருந்தது மகள் முருகம்மாள் ஒருத்திதான். அவள் கையில் மருந்து படக்கூடாது என்பதைத் தவிர குருவம்மாளுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை கிடையாது.

பன்னிரண்டாவது முடித்துக் கம்ப்யூட்டர் சென்டருக்கும் போய்வந்த முருகம்மாளை, முதலாளி அய்யாதுரையின் ஆபீசில் மாரிசாமிதான் கொண்டுபோய் உட்காரவைத்தான். "தாய்மாமன் செஞ்ச சீருன்னு நெனச்சுக்க, புள்ள" என்றான். அவள் மறந்துவிடக்கூடாதே என்று அடிக்கடி சொல்லியும் காட்டினான்.

இது இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில். சென்னை, பெங்களூர்க்காரர்கள் கிஃப்ட் பாக்ஸை மெயிலிலேயே கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த வாடிக்கையாளர்களின் பட்டியல் முருகம்மாள் பொறுப்பில் இருந்தது. ஆளுக்கு ஒரு வரி. பேர், ஊர், மெயில் முகவரி என்று காற்புள்ளி போட்டுப் பிரித்திருக்கும். சி.எஸ்.வி. ஃபைல் என்பார்கள். முதல் வரியில் தலைப்புகள். மெயில் அனுப்பும் சாஃப்ட்வேர் அந்த முதல் வரியைப் பார்த்துத்தான் எது என்ன என்று தெரிந்துகொள்ளும்.

அதில் 'துட்டி' என்று ஒரு தலைப்பை முருகம்மாளே சேர்த்திருந்தாள். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குத் தீபாவளி கிடையாதே. போனில் யாராவது, "எங்க வீட்டுல இந்த வருஷம் இல்லம்மா" என்றால், அந்த வரியில் ஒரு குறி போட்டுவிடுவாள். குறி விழுந்த வீட்டுக்கு மெயில் போகாது. இதைக் கேட்டு முதலாளிக்கே சந்தோஷம். வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

போன சீசனில் முதல் மெயில் போன வாரமே கம்பெனி ஷெட் ஒன்று தீப்பிடித்து எரிந்தது. அப்போது மாரிசாமி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "பிள்ளையார் சுழி போடாம தொடங்குனா இப்படித்தான். படிச்ச புள்ளைகளுக்கு சாமி எங்க ஞாபகம் இருக்கு?"

அந்தச் சொல் அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. இந்த வருஷம் ஆடிப் பதினெட்டு அன்று கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தாள். ஃபைலைத் திறந்து, தலைப்புகளுக்கும் மேலே புதிதாக ஒரு வரி சேர்த்து, 'உ' போட்டாள். கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு அனுப்பினாள்.

சாஃப்ட்வேருக்குப் பிள்ளையாரைத் தெரியாது. அந்த 'உ' ஒன்றையே தலைப்பு வரியாக எடுத்துக்கொண்டது. மெயில் முகவரிகளை எப்படியோ மோப்பம் பிடித்துக்கொண்டது. துட்டி என்ற தலைப்பைத்தான் காணவில்லை. ஆகவே ஒருவரையும் விலக்கவில்லை. 'உங்கள் செல்வங்கள் காத்திருக்கிறார்கள்! இந்த ஆண்டு என்ன வெடி?' என்று குறி போட்டிருந்த அத்தனை வீடுகளுக்கும் போய்விட்டது.

மறுநாள் போன் ஓயவில்லை. அய்யாதுரை சத்தம் போடவில்லை. ஆபீசில் உள்ளவர்களையெல்லாம் கூப்பிட்டு நிற்கவைத்தார். மாரிசாமியும் வந்து நின்றான்.

"துட்டிக்காரக ஒவ்வொருத்தருக்கும் நீயே பேசி மன்னிப்புக் கேளு. ஸ்பீக்கர்ல போடு. நாங்களும் கேக்கணும்ல."

"மாமா சொன்னாகன்னுதான் முதலாளி சுழி போட்டேன்..."

"ஏ, நான் கணக்கு நோட்டுல போடுறதத்தான சொன்னேன்" என்றான் மாரிசாமி. "சாமி மேல பழியப் போடுதா பாருங்க, முதலாளி." இரண்டொருவர் சிரித்தார்கள்.

முதல் போனை எடுத்தவர் திருச்சிக்காரர். பைக்கில் போன மகனை மாசி மாதம் பறிகொடுத்தவர்.

"ஐயா, சிவகாசியிலேருந்து பேசுறேன். நேத்து ஒரு மெயில் தப்பா..."

"வந்துச்சும்மா. எங்க வீட்டுக்காரிதான் திறந்து படிச்சா."

"மன்னிச்சுக்கோங்க ஐயா."

"இருக்கட்டும். என்னென்ன வெடி புதுசா வந்திருக்குன்னு வாசி. செல்வம் காத்திருக்கான்னு போட்டிருந்தீங்கள்ல? சுடுகாட்டுக்குப் போய் அவன்கிட்டச் சொல்லணும். வாசி."

முருகம்மாள் முதலாளியைப் பார்த்தாள். வாசி என்று அவர் கையைக் காட்டினார். விலைப்பட்டியலை எடுத்து வாசித்தாள். புஸ்வாணம், சங்குசக்கரம், சாட்டை என்று ஒவ்வொன்றாக விலையோடு சொல்லிக்கொண்டே போனாள். அந்தப் பக்கம் ஆள் இருப்பதற்கு அடையாளமாக மூச்சு மட்டும் கேட்டது. ராக்கெட்டுக்கு வரும்போது அவர் வைத்துவிட்டார்.

"ம், அடுத்த நம்பர்" என்றார் அய்யாதுரை.

எல்லாம் முடிந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. முதலாளி கணக்காகச் சொன்னார்: "நாளையிலேருந்து வெம்பக்கோட்டை யூனிட்டுக்குப் போ. மருந்து அடைக்க ஆள் குறையுது. இங்கன நீ தப்புப் பண்ணுனா கம்பெனிக்கு நட்டம். அங்கன தப்புப் பண்ணுனா உனக்கு மட்டுந்தான."

சங்கதி தெரிந்ததும் குருவம்மாள் அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். மாரிசாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் மகள் ஓவியா பக்கத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை ஆபீசில் முருகம்மாளின் நாற்காலியில் உட்காரப்போகிறவள் அவள்தான் என்று பார்த்தவுடன் விளங்கிவிட்டது.

"அண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். முதலாளிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. கூட்டிப் பெருக்குற வேலையாவது அவளுக்கு அங்கன குடுக்கச் சொல்லுங்க. என் கையப் பாத்தீகள்ல? அவ கையையும் பாருங்கண்ணே."

"பாத்தேன். கை நல்லாத்தான இருக்கு? அதான் கேக்குறாக" என்றவன், மோரை ஊற்றச் சொல்லித் தட்டை நகர்த்தினான்.

விடிந்ததும் கம்பெனி வேன் வந்தது. முருகம்மாள் ஏறிப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தவள் சோற்றில் கை வைக்குமுன் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நக இடுக்கில் ஏறிய அலுமினியப் பொடி போகவில்லை. பசி தாங்கவில்லை. அந்தக் கையாலேயே பிசைந்து சாப்பிட்டாள்.