கையெழுத்துப் போட்டவர் ஓட்டும் போட்டார்

விலாஸ்தாவுக்குக் கேள்வி கேட்காமல் இருக்க வராது. எங்கள் ஹ்ராபினா கிராமத்தில் இருபத்தாறு வருடம் தபால் கொடுத்தவள். யார் கடிதத்தையும் அவள் பிரித்ததில்லை. ஆனால் உறையைக் கையில் கொடுத்துவிட்டு, "உன் தம்பி போன மாசம் வரைக்கும் நீல மையிலதான எழுதினான், இப்ப ஏன் பச்சை?" என்று கேட்காமல் சைக்கிளில் ஏற மாட்டாள். வம்புக்காரி இல்லை. பதில் தெரிந்தால் போதும், அது அவளோடு நின்றுவிடும்.

எங்கள் ஊர் ஓடையின் இரண்டு கரையிலும் இருக்கிறது. நாங்கள் இருக்கும் மேற்குக் கரை செக் பக்கம், கிழக்குக் கரை ஸ்லோவாக் பக்கம்; அப்போது இரண்டும் சேர்ந்து ஒரே நாடு. பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். தேவாலயமும் மதுக்கடையும் இந்தப் பக்கம். விலாஸ்தா இக்கரைக்காரி, அவள் புருஷன் ஒந்த்ரேய் அக்கரையில் பிறந்தவன். வீட்டில் இரண்டு பேச்சும் கலந்துதான் ஓடும். சண்டை வந்தால் மட்டும் அவரவர் பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

1991 கடைசியில் செக் தலைநகர் பிராக்கிலும் ஸ்லோவாக் தலைநகர் பிராத்திஸ்லாவாவிலும் தலைவர்கள் நாட்டைப் பற்றி முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றாக இருப்பதா, பிரிவதா என்று மக்களிடமே ஓட்டெடுப்பு நடத்திக் கேளுங்கள் என்று ஒரு மனு நாடெங்கும் சுற்றியது. விலாஸ்தா வேலை முடிந்ததும் அந்தத் தாள்களோடு வீடு வீடாகப் போனாள். பிரிய வேண்டும் என்கிறவர்களிடமும் நீட்டினாள்.

"நான் பிரியணும்ங்கற ஆளு, என்கிட்ட எதுக்குக் கொண்டு வர்ற?" என்றார் மதுக்கடைக்காரர்.

"அதத்தான் ஓட்டெடுப்புல சொல்லணும்ங்கறேன். கேட்டாத்தான சொல்ல முடியும்?"

அவரும் போட்டார்.

மாட்டு டாக்டர் மஹாலா கையெழுத்துப் போட்டது என் தொழுவத்தில். என் பசுவுக்குக் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டதால் அவர் முழங்கை வரை நனைந்து நின்றார். "கையக் கழுவிட்டு வாங்க டாக்டர், தாள் வீணாயிடும்" என்றாள் விலாஸ்தா. அவர் துடைத்துக்கொண்டு வந்து, பொறுமையாகப் படித்துப் பார்த்து, முழுப் பெயரையும் எழுதினார். "ஜனங்களக் கேக்காம இத முடிவு பண்ண யாருக்கும் பாத்தியதை இல்லம்மா" என்றார். நாடு முழுக்க இருபது லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது என்று வானொலி சொன்னது. எங்கள் ஊரில் இருநூற்றுப் பன்னிரண்டு.

அடுத்த ஜூன் மாதம் தேர்தல். மஹாலா நின்றார், ஜெயித்தார், பிராக்கில் இருந்த பொது நாடாளுமன்றத்துக்குப் போனார். எங்கள் மாடுகளுக்குப் பக்கத்து ஊர் டாக்டர் வர வேண்டியதாயிற்று. அந்தக் கோடை முழுக்க இரு தரப்புத் தலைவர்களும் மாறி மாறிச் சந்தித்தார்கள். வெளியே வந்து நிருபர்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு காரில் ஏறினார்கள். ஓட்டெடுப்பு நடக்கவில்லை. நவம்பரில் நாடாளுமன்றமே ஓட்டுப் போட்டு நாட்டைக் கலைத்தது; சொற்ப ஓட்டு வித்தியாசம். யார் எப்படிப் போட்டார்கள் என்று பத்திரிகையில் வந்தது. மஹாலாவின் பெயர் பிரிவினை ஆதரவுப் பட்டியலில் இருந்தது.

ஒந்த்ரேய் பத்திரிகையை அடுப்பில் போட்டான். "ஆளு மாறிட்டான். விடு."

"மாறினது தெரியுது," என்றாள் விலாஸ்தா. "எப்ப மாறினார்னுதான் தெரியல."

ஜனவரியில் ஓடைப் பாலத்தில் எல்லைச் சுங்கச் சாவடி வந்தது. அக்கரையின் நாற்பத்தொரு வீடுகள் விலாஸ்தாவின் பையிலிருந்து போயின. ஒந்த்ரேயின் அக்கா பாலத்துக்கு அந்தப் பக்கம் மூன்றாவது வீடு. அவளுக்குப் போட்ட பிறந்தநாள் வாழ்த்து இரண்டு தலைநகரையும் பார்த்துவிட்டு ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தது.

நாட்டோடு அந்த நாடாளுமன்றமும் போயிற்று. தன் நாற்காலியையே இல்லாமல் செய்ய ஓட்டுப் போட்ட மஹாலா, மாவட்ட நகரத்தில் பழையபடி வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். விலாஸ்தா பேருந்து பிடித்துப் போனாள். அவள் என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன்.

"எங்க தாள்ல கையெழுத்துப் போட்டீங்களே டாக்டர், அப்புறம் எப்படி அந்த ஓட்டு?"

"எல்லாம் முன்னாடியே முடிவாயிடுச்சும்மா. மேல இருக்கறவங்க பேசி முடிச்சுட்டாங்க."

"முடிஞ்சு போனதுக்கு உங்க ஓட்டு எதுக்கு?"

அவர் மருந்துப் பெட்டியை மூடித் திறந்து மூடினார். ஒரு பன்றி குட்டி போடப் போகிறது, போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

இன்னொருத்தி என்றால் கோபப்பட்டுத் திரும்பியிருப்பாள். விலாஸ்தாவுக்கு ஆவல்தான் கூடியது. பாஸ்போர்ட்டோடு அக்கரைக்குப் போய், அந்தப் பக்கத்து முன்னாள் உறுப்பினர் ஒருவரைப் பிடித்தாள். "பிராக்காரங்கதான் எங்களத் தள்ளிவிட்டாங்க" என்றார் அவர். இக்கரையில் ஒரு கட்சி அலுவலகத்தில் கேட்டாள். "அவங்கதான் போறேன்னு நின்னாங்க" என்றார்கள்.

"நீ தள்ளினே, நீ போனேன்னு ரெண்டு பக்கமும் சொல்றாங்க," என்று சொல்லிக்கொண்டே உருளைக்கிழங்கு அடை தட்டினாள். "செஞ்ச ஆளு ஒருத்தனும் இல்ல பாத்தியா."

"கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போற? தூக்குல போடுவியா?" என்றான் ஒந்த்ரேய்.

"எதுக்குத் தூக்கு? தெரிஞ்சுக்கக் கூடாதா?"

பிறகு கடிதம் எழுத ஆரம்பித்தாள். ஆதரவாக ஓட்டுப் போட்டவர்களில் பதினேழு பேருக்கு, ஒரே கேள்வி: எப்போது முடிவு செய்தீர்கள்? பதினொரு பேர் பதில் போட்டார்கள். தெற்கே யுகோஸ்லாவியாவில் ரத்தம் ஓடியதைப் பார்த்துப் பயந்ததாக நான்கு பேர். மனைவிக்கு அறுவை சிகிச்சை, விவாதத்தைக் கவனிக்கவில்லை என்று ஒருவர். ஒருவர் மட்டும், "மற்றவர்கள் எதிர்த்துப் போடுவார்கள், என் ஒரு ஓட்டால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்" என்று எழுதியிருந்தார். அதை அவள் என்னிடம் இரண்டு முறை படித்துக் காட்டினாள். "இவர் பொய் சொல்லல" என்றாள்.

1999 இலையுதிர் காலத்தில் எங்கள் கலாசார மன்றத்துக்கு ஒரு முன்னாள் அமைச்சர் பேச வந்தார். 1992 கோடைப் பேச்சுவார்த்தைகளில் கூட இருந்தவர். நாற்காலி போதாமல் ஜன்னல் ஓரத்திலும் நின்றோம். பேசி முடித்ததும் விலாஸ்தா எழுந்தாள்.

"கையெழுத்துத் தாள்லாம் உங்க கைக்கு வந்துச்சே. அதப் பாத்துட்டு முடிவு பண்ணீங்களா, முடிவு பண்ணிட்டுப் பாத்தீங்களா?"

அமைச்சர் சிரித்தார். "ஒரு சொட்டு ரத்தம் சிந்தாம பிரிஞ்சிருக்கோம்மா. உலகமே நம்மளப் பாராட்டுது. உங்களுக்கு என்ன குறை?"

"குறை சொல்லல சார். எப்பன்னுதான் கேட்டேன்."

"சரித்திரத்துல இதெல்லாம் தானா நடக்கறது."

அப்போது கடைசி வரிசையிலிருந்து மஹாலா எழுந்தார். அவர் வந்திருந்ததே எனக்குத் தெரியாது. தலை முழுக்க நரைத்திருந்தது.

"தானா நடக்கல. நானும் நடத்தினேன்," என்றார். "ஜூன்லயே கட்சிக் கூட்டத்துல ஓட்டெடுப்பு வேணாம்னு சொல்லிட்டாங்க. ஏன்னேன். நடத்தினா ஜனங்க ஒண்ணா இருக்கணும்னு சொல்லிடுவாங்க, அப்புறம் பிரிக்க முடியாதுன்னாங்க. அதுக்கப்புறம் நான் வாயத் திறக்கல. நவம்பர்ல ஓட்டையும் போட்டேன்."

"அது உங்க ஞாபகம்," என்றார் அமைச்சர்.

"ஆமா, என்னோடதுதான். உங்களோடதயும் சொல்லுங்களேன், கேப்போம்."

அமைச்சர் மன்றத் தலைவரைப் பார்த்தார். மன்றத் தலைவர் நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்தார். சிலர் மஹாலாவைத் திட்டினார்கள், மதுக்கடைக்காரர் மட்டும் கை கொடுத்தார். விலாஸ்தா பேருந்து நிறுத்தம் வரை மஹாலாவோடு நடந்தாள், நானும் கூடப் போனேன்.

"ஜூன் மாசம்," என்றாள், ஏதோ விலாசம் சரிபார்த்த மாதிரி. "அன்னிக்கு ஏன் டாக்டர் பேசாம இருந்தீங்க?"

"பேசினா அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டாங்கன்னு."

"கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க. காப்பி குடுத்தாங்க."

விலாஸ்தா சத்தமாகச் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாட்டைப் பிரித்தவர்கள் மேலே இருந்த இரண்டு தலைவர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்ததாக, திரும்பும் வழியில் அவள் சொன்னாள். இத்தனை பேர் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது தெரியாமல் போயிற்றே என்றாள்.

ஒந்த்ரேய் அவ்வளவு சீக்கிரம் இறங்கி வரவில்லை. மஹாலாவின் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுவான். அடுத்த ஈஸ்டருக்கு முந்தின வாரம் அவர்கள் பசுவுக்கு மடி வீங்கிப் போயிற்று. பக்கத்து ஊர் டாக்டர் ஊரில் இல்லை. விலாஸ்தா யாரையும் கேட்காமல் போன் போட்டாள்.

மஹாலா வந்து ஊசி போட்டார், பாலைக் கறந்து கொட்டினார், வாளியைக் கழுவிக் கவிழ்த்தார். ஒந்த்ரேய் தொழுவ வாசலை அடைத்துக்கொண்டு நின்று பார்த்தான்.

"அந்த ஒரு வார்த்தையச் சொல்ல ஏழு வருஷமா டாக்டர்?"

"ஏழு வருஷம் ஆயிடுச்சு."

ஒந்த்ரேய் வாசலை விட்டு விலகி, "சூப்பு ஆறுது, உள்ள வாங்க" என்றான்.