தடவிப் பார்க்காத ஏடு

சுவடி நூலகத்தின் பின்னறையில் ஏடுகளைத் தடவிப் பார்த்துத் தைலம் பூசுபவளுக்கு எண்ணெய்க்காரி என்று பெயர். குளித்தாலும் அவள் கையை விட்டு எலுமிச்சம்புல் தைலத்தின் வாசனை போகாது.

வேலை லேசானதில்லை. எழுத்தாணியால் கீறிய ஏட்டை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தால் அழுக்கு போகும், கீறல் நிற்கும். அதில் கரி தேய்த்தால் எழுத்து எழுந்து வரும். பூச்சி அரிக்காமலிருக்கக் கடைசியில் தைலம். மையால் எழுதிய ஏடு வேறு ரகம். ஸ்பிரிட் பட்டால் எழுத்து பஞ்சோடு வந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஏட்டையும் விரல் நுனியால் தடவி, கீறல் தட்டுப்பட்டால்தான் மேசையின் எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். அது எண்ணெய்க்காரியின் பொறுப்பு.

எதிர்ப்பக்கம் துடைக்க உட்கார்ந்திருப்பவள் அவளுடைய நாத்தனார். புருஷனை விட்டு வந்தவள். தற்காலிக வேலை, அது போனால் திரும்ப அவன் வாசலில்தான் நிற்க வேண்டும். வீட்டில் இருவருக்கும் ஒரே அடுப்பு, பேச்சு மட்டும் கிடையாது. மேசையிலும் அப்படித்தான். “பஞ்சு யார்கிட்ட இருக்கோ அவங்க தள்ளலாம்” என்று சுவரைப் பார்த்துச் சொல்வார்கள்.

அன்று ஒருவர் துடைக்கக் கொடுத்திருந்த சுவடிக்கட்டின் மேல்பக்கம் இருந்தவை எல்லாம் கீறிய ஏடுகள். நடுவில் ஒன்று மட்டும் மை. ஒடிந்துபோன ஏட்டுக்குப் பதிலாக யாரோ பிற்காலத்தில் எழுதிச் செருகியது. நாத்தனார் ஒரு இழு இழுத்தாள். பஞ்சு கறுத்தது, ஏடு வெறும் ஓலையானது. கேமரா ரிப்பேரில் இருந்ததால் படமும் எடுத்திருக்கவில்லை. அதில் என்ன எழுதியிருந்தது என்று இனி ஒருவருக்கும் தெரியாது.

கண்காணிப்பாளர் யார் துடைத்தது என்று கேட்டார். நாத்தனார் கறுத்த பஞ்சை மேசைமேல் வைத்தாள். எண்ணெய்க்காரி சும்மா இருந்திருந்தால் போதும், அடுப்பு அவளுடையதாகியிருக்கும். அந்த நினைப்பு அவளுக்கு வராமலில்லை.

“தொடைச்சது அவ. தடவிப் பாக்க வேண்டியவ நான். மேல நாலஞ்சத் தடவிட்டு மிச்சத்த அப்படியே தள்ளிட்டேன்.”

“உங்களுக்கு எதுக்கும்மா வம்பு? அந்தம்மா டெம்பரரிதானே, நிறுத்திட்டாப் போச்சு.”

“அவள நிறுத்தினா நாளைக்கும் நான் தடவாமத்தான் தள்ளுவேன் சார். பரவாயில்லையா?”

அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கட்டின் சொந்தக்காரருக்கு நடந்ததை நடந்தபடியே சொன்னார். எண்ணெய்க்காரியை மேசையிலிருந்து எடுத்து, கட்டுகளுக்குக் கயிறு கோக்கும் மூலைக்கு அனுப்பினார். தடவுவது, துடைப்பது இரண்டும் நாத்தனார் தலையில் விழுந்தது.

மறுநாள் காலை நாத்தனார் ஒரு ஏட்டைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு வந்தாள்.

“அண்ணி, இதக் கொஞ்சம் பாருங்களேன்.”

“அது இப்ப என் வேலை இல்ல. ஏன், உன் விரல என்ன வாடகைக்கா விட்டிருக்கே?”

நாத்தனார் நின்ற இடத்திலேயே தடவினாள். பிறகு ஏட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் தடவினாள்.