அம்மாவின் காலில் கட்டிய உப்பு

உப்பு நீரை இழுக்கும் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பினோம். அதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நறுக்கிய எலுமிச்சையை உப்பில் பிசறி ஜாடியில் வைத்தால் மறுநாள் அது தன் சாற்றிலேயே மூழ்கிக் கிடக்கும். அரிந்த பாகற்காயில் உப்பைத் தூவினால் கசப்புநீர் பிரிந்து நிற்கும். காலில் ஒட்டிய அட்டையின்மேல் ஒரு கல் உப்பை வைத்தால், அது நீரைக் கக்கிச் சுருண்டு விழும். ஆகவே ஜப்பான்காரர் மலாய் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் அம்மாவின் கால்கள் வீங்கத் தொடங்கியபோது, அந்த நீரையும் உப்பே இழுத்துவிடும் என்று நாங்கள் எண்ணியதில் வியப்பில்லை. வீட்டில் உப்பு இல்லை என்பதுதான் இடையூறு.

ரெம்பாவுக்குப் போகும் சடக்கிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே தள்ளியிருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரத் துரை போன பிறகு பால்வெட்டு ஏறக்குறைய நின்றுவிட்டது. பால் பிடிக்க மரங்களில் கட்டியிருந்த மங்குகளில் மழைநீர் தேங்கி, கொசுப் புழுக்கள் நெளிந்தன. ஒரு பகுதி மரங்களை வெட்டிச் சாய்த்து மரவள்ளி நட்டார்கள். காலையிலும் கிழங்கு, பகலிலும் கிழங்கு, இரவில் அதன் மாவைக் கரைத்த கூழ். அரிசி என்பது, தங்கையைப் பொறுத்தவரை, நாங்கள் சொல்லும் கதைகளில் வரும் பொருளாகிவிட்டிருந்தது.

தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்து வீட்டில் நாங்கள் ஐவர். அப்பா, அம்மா, பத்து வயதை எட்டிக்கொண்டிருந்த நான், பேச்சு முற்றாத தங்கை, அப்பாவின் தங்கையான அத்தை. மாமாவை ஜப்பான்காரர் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோன பிறகு அத்தை தன் பாயையும் ஒரு சட்டியையும் எடுத்துக்கொண்டு எங்களோடு வந்துவிட்டாள்.

அம்மாவுக்குத் தோட்டத்தின் தாழ்ந்த பக்கத்தில், சதுப்பை ஒட்டிய கீரைப் பாத்திகளில் வேலை. வீக்கம் முதலில் கணுக்காலில் தெரிந்தது. அதன் காரணத்தை அத்தைதான் கண்டுபிடித்தாள்.

"நாளெல்லாம் சேத்துல நின்னா என்னா ஆகும் அண்ணே? மரத்துக்கு வேருல தண்ணி ஏறுறாப்ல அண்ணிக்குக் கால்ல ஏறிருச்சு."

"அப்ப நாளைக்கு நான் துளுத்துருவேன்" என்றாள் அம்மா.

அம்மா அப்படித்தான் பேசுவாள். அப்பா சிரிக்கவில்லை. ஏனென்றால், வீக்கம் எப்படிப் போகும் என்பதை லயத்தில் எல்லாரும் பார்த்திருந்தார்கள். முழங்காலைத் தாண்டி வயிற்றுக்கு ஏறியவர்கள் எழுந்து நடக்கவில்லை. எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் அப்படி ஒருவர் போய்ச் சேர்ந்து அதிக நாளாகியிருக்கவில்லை. அதனால் விடிந்ததும் அப்பா முதலில் பார்ப்பது அம்மாவின் கால்களைத்தான். பார்த்துவிட்டு வெளியே போவார்.

தங்கைக்கு மட்டும் அது விளையாட்டு. அம்மாவின் காலில் கட்டைவிரலை அழுத்தி எடுப்பாள். விரல் பட்ட இடம் குழியாகவே நிற்கும். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகக் குழிகள் போட்டு, பல்லாங்குழி என்பாள். அம்மா காலை நீட்டிக் கொடுத்துவிட்டு, கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருப்பாள். குழிகள் மெல்ல மெல்ல நிரம்பி மறைவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸர் இருந்தார், புட்டிகள் இருந்தன, புட்டிகளில் மருந்து இல்லை. "நல்ல சாப்பாடு குடுப்பா, வேற வழி இல்ல" என்று அவர் சொல்லி அனுப்பினார்.

"நல்ல சாப்பாடாம்ல" என்று வீட்டுக்கு வந்து அப்பா பொருமினார். "அவரு வீட்டுல காய்ச்சுனா நமக்கும் ஒரு மங்கு ஊத்தச் சொல்லு."

அதன் பிறகுதான் உப்புப் பேச்சு வந்தது. எலுமிச்சை, பாகற்காய், அட்டை என்று அத்தை அடுக்கினாள். அப்பாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. கடலோரத்தில் சிலர் கடல்நீரைக் காய்ச்சி உப்பு எடுப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். தம் திருமணத்துச் சரிகைக் கரை வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்தார். துணிக்கும் அப்போது பஞ்சம், வேட்டியைக் கொடுத்தால் உப்பு கிடைக்கும். உறைந்த ரப்பர்ப் பாலை வாராக வெட்டி, டயருக்குப் பதில் சக்கரத்தில் இறுக்கிய சைக்கிளில், கல்லுக்குக் கல் குதித்துக்கொண்டு அவர் போனதும், மறுநாள் மாலை ஒரு சிறு சாக்கோடு திரும்பியதும் இன்றும் கண்ணில் நிற்கின்றன. சாக்கின் அடி ஈரமாக இருந்தது. உப்பு சாம்பல் நிறத்தில் இருந்தது, கைக்குப் பிசுபிசுத்தது. நானும் தங்கையும் ஆளுக்கு ஒரு பரலை நாக்கில் வைத்துக்கொண்டோம். அந்தச் சுவையை எப்படிச் சொல்வது? மறந்துபோன ஒருவரின் குரலைக் கேட்டதுபோல் இருந்தது.

அன்று மாலையே அத்தை அம்மாவின் கால்களில் உப்பைக் கனமாக அப்பி, சாக்குத் துணியால் சுற்றிக் கட்டினாள். எஞ்சியதைச் சிரட்டைகளில் போட்டு அடுப்படியில் வைத்தாள்.

காலையில் துணி நனைந்திருந்தது. பாயின் ஓரம் வரை நீர் வடிந்திருந்தது. அத்தை பிழிந்து காட்டினாள். சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"பாத்தியா அண்ணே? எறங்குது."

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தின் இறுக்கம் தளர்ந்ததை அன்று பார்த்தேன். அத்தை நீரைத் தகரக் குவளையில் பிடித்து, பக்கத்து வீட்டாருக்குக் காட்டப் போனாள். அம்மா மட்டும் அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தை திரும்பி வந்ததும் அம்மா கேட்டாள்: "அந்தச் செரட்டையிலயும் தண்ணி நிக்குது பாரு. அதுக்கும் கால் வீங்கிருச்சா?"

எட்டிப் பார்த்தோம். சிரட்டைகளில் உப்பு தன் நீரிலேயே அமிழ்ந்து கிடந்தது. மழைக்காலத்து ஈரக் காற்றிலிருந்து அது குடித்த நீர். தங்கை ஓடிப்போய் அம்மாவின் காலில் விரலை அழுத்தினாள். குழி முன்போலவே நின்றது. அப்பா எழுந்து வெளியே போனார். அவர் நெடுநேரம் பால்மரங்களுக்கிடையில் நின்றிருந்ததைக் கதவோரத்திலிருந்து பார்த்தேன். வேட்டி போனதற்காக அவர் வருந்தவில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

அத்தை உப்பை வாசலில் கொட்டப் போனாள்.

"கொட்டாத. எடுத்து வையி" என்றாள் அம்மா.

"கால்ல கட்டுன உப்பு அண்ணி."

"என் காலுதானே? ஊராங் காலா? இருக்கட்டும்."

அம்மாவின் மனத்தில் ஒன்று இருந்தது. தோட்டத்துக்கு அப்பால் மலாய்க்காரர் கிராமமான கம்பத்தில் வயல் வைத்திருந்த ஒரு முதியவருக்கும் அப்பாவுக்கும் பழக்கம். அவருடைய சைக்கிளுக்கும் அப்பாதான் ரப்பர் வார் கட்டிக் கொடுத்திருந்தார். அறுவடைக்கு முன் வயலின் நீரை வடித்தால் சேற்றில் செப்பாட் மீன்கள் அள்ள அள்ளக் கிடைக்கும். ஆனால் ஒரே நாளில் கிடைக்கும், மறுநாள் நாறிவிடும். முந்தைய முறை அவர் கூடை நிறையக் கொடுத்தும், உப்பில்லாமல் பாதிக்கு மேல் புதைக்க நேர்ந்தது. அம்மா அதை மறக்கவில்லை.

அந்த ஆண்டு நீர் வடித்தபோது அப்பாவும் அத்தையும் நானும் போனோம். உப்பில் பாதியை அவருக்குக் கொடுத்தோம். அவருக்கும் உப்பு பொன்னாகத்தான் இருந்தது. கூடையும் சாக்கும் நிரம்ப மீன் கொடுத்தார். மேலே வாழை இலையில் கட்டி, கொஞ்சம் கைக்குத்தல் அரிசியும் வைத்தார். அம்மா காலை நீட்டி உட்கார்ந்தபடியே மீனைக் கீறி, குடலெடுத்து, உப்பைத் திணித்தாள். மீன்கள் நீர்விட்டு இறுகின. லயத்துக் கூரைமேல் வரிசையாகக் காய்ந்தன.

"யாருக்கு வேணும் கால் கருவாடு?" என்று அத்தை ஏலம் போடுவாள்.

"சத்தமாச் சொல்லாத, வேல வாங்குற மண்டோர் பங்கு கேட்டு வந்துருவாரு" என்பாள் அம்மா.

சமைப்பதற்கு முன் அம்மா கருவாட்டை நீரில் ஊறவைப்பாள். அந்த நீரை மாற்றி மீண்டும் ஊறவைப்பாள். உள்ளே போன உப்பு அதே வழியில் வெளியே வரும். பிறகு மரவள்ளி இலையோடு சேர்த்துக் கொதிக்கவைத்து, எல்லாருக்கும் பகிர்வாள். அம்மாவின் பங்கை அவள் எங்களுக்குத் தள்ளிவிடாதபடி அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

கருவாடு தீரும் முன்பே ஒரு காலைப்பொழுதில் தங்கை அழுதுகொண்டு வந்தாள். "அம்மா கால் கெட்டுப்போச்சு. குழியே வர மாட்டேங்குது."

அப்பா போய்த் தம் விரலால் அழுத்திப் பார்த்தார். எடுத்ததும் சதை மேலே எழும்பிவிட்டது. மீண்டும் அழுத்தினார். "போதும், வலிக்குது" என்றாள் அம்மா. அப்பா விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பின்னாளில் ஆசிரியப் பயிற்சிக்குப் போனபோது, உடலியல் நூல் ஒன்றில் இதற்கான பக்கங்களைக் கண்டேன். எலுமிச்சையின் ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்திருக்கிறது. அது நீரை விடும். உப்பை எளிதில் விடாது. எனவே உப்பு மிகுந்திருக்கும் பக்கம் நோக்கி நீர் நகர்கிறது. மனிதத் தோலின் மேலடுக்கோ உயிரற்ற செதில்களும் கொழுப்பும் சேர்ந்த கூரை. அதன்மேல் எவ்வளவு உப்பை அப்பினாலும் உள்ளிருக்கும் நீருக்குச் செய்தி எட்டாது. அம்மாவின் நீர் சேற்றிலிருந்து ஏறியதன்று. அவளுடைய இரத்தத்திலிருந்தே கசிந்தது. இரத்தத்தில் உள்ள புரதம் இரத்தக்குழாயின் சுவரைக் கடக்க இயலாத அளவுக்குப் பெரியது. உள்ளேயே தங்கி, நீரைத் தன்பால் பிடித்து வைக்கிறது. கிழங்கை மட்டுமே தின்ற உடலில் அந்தப் பிடி தளர, நீர் வெளியேறித் திசுக்களினிடையே தேங்குகிறது. மீன் அந்தப் பிடியைத் திருப்பித் தந்திருக்க வேண்டும். கைக்குத்தல் அரிசியின் தவிட்டுக்கும் அதில் பங்கிருக்கலாம். எது எவ்வளவு என்று என்னால் உறுதி சொல்ல இயலாது. யாரும் அளந்து பார்க்கவில்லை.

விடுமுறையில் வீட்டுக்கு வந்து, இதை அத்தையிடம் விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"இழுத்துச்சா இல்லையா?" என்றாள் முடிவில்.

"மீன்தான் இழுத்துச்சு அத்தை. வெளியேருந்து இல்ல, உள்ளேருந்து."

"உப்பு இல்லாட்டி மீன் கெடாம நின்னுருக்குமா?"

"நின்னுருக்காது."

"அப்ப உப்புதான்."

 

மாமா சயாமிலிருந்து திரும்பவில்லை. அத்தை கடைசிவரை எங்களோடுதான் இருந்தாள். அப்பா அவளுக்கு முன்னும், அம்மா பேரப்பிள்ளைகளைப் பார்த்து நெடுங்காலம் கழித்தும் போனார்கள். தங்கை இப்போது ரஹாங்கில் மகன் வீட்டில் இருக்கிறாள். மாலையில் அவள் கணுக்கால்கள் சற்று வீங்குகின்றன. முதுமையின் வீக்கம், மாத்திரை இருக்கிறது என்கிறாள். நான் போகும்போது காலை என் பக்கம் நீட்டுவாள். நான் கட்டைவிரலால் அழுத்தி எடுப்பேன். குழி நிரம்பும் வரை இருவரும் பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்த லயத்து வீட்டின் ஐவரில் இப்போது நாங்கள் இருவர் இருக்கிறோம்.