மதகுக் கல்லில் இருக்கும் பெயர்

பாலக்கோடு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் இருக்காது. அப்போது கணினியில் எதையாவது தேடிப் படிப்பேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று ஓர் இணையக் கலைக்களஞ்சியம் இருக்கிறதே, அதில் ஒருநாள் தக்காளியைத் தேடினேன். எங்கிருந்து வந்தது, எத்தனை ரகம், என்ன சத்து என்று பக்கம் நீண்டுகொண்டே போனது. சரி, அந்தத் தக்காளியை வண்டி வண்டியாக விளைவித்து அனுப்பும் எங்கள் ஊரைத் தேடினால், அப்படி ஒரு பக்கமே இல்லை என்றது. வேண்டுமானால் நீங்களே தொடங்கலாம் என்றும் சொன்னது. சுருக்கென்று கோபம் வந்தது. அங்கேயே தொடங்கிவிட்டேன்.

பள்ளிக்கூடம், பேருந்து வசதி, பாதி வீடுகளில் தமிழும் பாதி வீடுகளில் கன்னடமும் பேசுவது என்று ஊரைப் பற்றி எழுதினேன். பிறகு ஏரிக்கென்று தனியாக ஒரு பக்கம். அதில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி இது: 'இந்த ஏரியின் மதகைக் கட்டியவர் ஒரு பெண்.'

நானாகக் கட்டிவிட்ட கதை இல்லை. கல்யாணமாகி நான் இந்த ஊருக்கு வந்த வருஷம் ஏரி வற்றிக் கிடந்தது. வண்டல் மண் அள்ள டிராக்டர்கள் இறங்கியபோது நானும் எல்லாரோடும் இறங்கினேன். மதகின் அடியில் ஒரு கல் இருந்தது. அதில் ஒரு பெண்ணின் பெயர், அதற்குக் கீழே 'தர்மம்' என்ற சொல், அதாவது அவள் கொடையாகக் கட்டிக் கொடுத்தது. புதுப்பெண் என்பதால் வாயைத் திறக்காமல் படித்துவிட்டு வந்துவிட்டேன். ஊரில் கேட்டால் ஏதோ ராஜா கட்டியது என்பார்கள். எந்த ராஜா என்றால் தலையைச் சொறிவார்கள். கல்லில் படித்த பெயரோ எனக்கு மறந்துபோயிற்று. யார் அவள், மதகு கட்டும் அளவுக்கு அவளுக்கு என்ன வந்தது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பக்கம் எழுதிய மறுநாளே யாரோ என் காற்புள்ளிகளைச் சரிசெய்திருந்தார்கள். இன்னொருவர் வரைபடம் சேர்த்திருந்தார். சம்பளமா, சாப்பாடா, எதற்காக இவர்கள் எங்கள் ஏரிக்கு வந்து வேலை செய்கிறார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது. மூன்றாவதாக வந்தவர்தான் என் வரியில் கை வைத்தார். 'சான்று இல்லை. இணைக்காவிட்டால் இவ்வரி நீக்கப்படும்.' நான் கண்ணால் பார்த்தேன் என்று சண்டைக்குப் போனேன். கண்ணால் பார்த்தது இங்கே சான்றாகாது என்று பதில் வந்தது. எரிச்சலாக இருந்தாலும், ராஜா கட்டினார் என்று யாராவது எழுதினால் நானும் இதைத்தானே கேட்பேன் என்று பட்டது. கல் தண்ணீருக்குள் இருக்கிறது, கோடையில் ஏரி வற்றினால்தான் தெரியும் என்றேன். கல்வெட்டின் தெளிவான படம் இருந்தால் போதும், கோடை முடியும்வரை பொறுத்திருக்கிறேன் என்றார் அவர்.

அதற்குள் வேறொரு வழி கிடைத்தது. அதே கலைக்களஞ்சியத்தின் கன்னடப் பதிப்பிலும் எங்கள் ஏரிக்கு ஒரு பக்கம் இருப்பதைக் கண்டேன். எனக்குக் கன்னடம் படிக்க வராது. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பேச மட்டும்தான் வரும். பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகள் லீவில் வந்திருந்தாள். போனை அவளிடம் நீட்டினேன். அவள் சத்தமாகப் படிக்கப் படிக்க, அக்கா முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மதகு கட்டினது ஒரு பொம்பளைன்னு போட்டிருக்குதுங்க சித்தி!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் மட்டும் சொல்லவில்லை, வேறு யாருக்கோ, வேறு மொழியிலும் தெரிந்திருக்கிறது.

"கீழ சான்றுன்னு ஒரு லிங்க் இருக்குது. இருங்க, தொறக்கறேன்."

திறந்தாள். நான் எழுதிய பக்கம் வந்து நின்றது. யாரோ புண்ணியவான் என்னுடையதைப் பார்த்து எழுதி, என்னையே சாட்சிக்கும் வைத்திருந்தார். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

இனி கல்தான் கதி. கோடையில் ஏரி இறங்கத் தொடங்கியது. வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே மதகுக்குப் போவேன். ஏரிக்குக் கீழே எங்கள் தக்காளித் தோட்டம். செடிகள் வாடுவதைப் பார்த்து வீட்டுக்காரர் கவலையில் இருக்க, நான் தண்ணீர் இன்னும் எவ்வளவு இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஊரே மழ வருமான்னு வானத்தப் பாக்குது. நீ மட்டும் வந்துருமோன்னு பாக்குற," என்றார் அவர்.

ஒருநாள் கல்லின் தலை வெளியே தெரிந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பாசியைத் துடைத்தேன். முதல் வரியில் 'சிவமயம்'. பெயர் அதற்கு அடுத்த வரி, கலங்கல் தண்ணீருக்குள். கையை விட்டுத் தடவினேன். வெட்டிய எழுத்துகள் விரலில் இடறின. ஒரு வளைவு, ஒரு கோடு, மறுபடியும் ஒரு வளைவு. எத்தனை தடவினாலும் பெயராகக் கூடி வரவில்லை. இன்னும் ஒரு ஜாண் இறங்கினால் போதும்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. விடாமல் கொட்டியது. ஏரி நிரம்பிக் கோடி போகிறது, தண்ணீர் வழிந்து ஓடுகிறது என்று ஊரே கரைக்கு ஓடியது. நானும் போனேன். கல் இருந்த இடம் எதுவென்றே தெரியவில்லை. எல்லார் முகமும் மலர்ந்திருக்க, நான் உம்மென்று நின்றிருந்தேன். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தார்.

"பேரு போச்சேன்னு நிக்கிறியா?"

"ஆமாங்க. இன்னும் கொஞ்சம் எறங்கியிருந்தா படிச்சிருப்பேன்."

"தண்ணி நிக்கணும்னு தான அந்தம்மா கட்டுச்சு? பேரு தெரியணும்னா கரை மேலதான கல்ல வெச்சிருக்கும்?"

மதகுத் தண்ணீர் வாய்க்காலில் திரும்பி எங்கள் தோட்டத்துப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் கடையில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். வேறு யாரும் வந்து நீக்குவதற்குள் நானே அந்த வரியை எடுத்துவிடலாம் என்று தோன்றியது. எடுத்தேன். மாற்றத்தைச் சேமிக்கும் முன்பு, ஏன் நீக்குகிறீர்கள் என்று ஒரு சிறு கட்டம் காரணம் கேட்கும். அதில் எழுதினேன்: 'ஏரி நிரம்பிவிட்டது.'